ஏகாம்பரத்துக்கு நான் சொன்ன பதில்

என் பிரியமுள்ள அண்ணா,

உன் முதல் திவசமும் முடிந்துவிட்டது. அண்ணி நன்றாக இருக்கிறார். நம் தெருவில் ஒரு வீட்டுக்கு டி.வி. வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெருவே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் உனக்கு விலாவாரியாக எழுத ஆசைதான். ஆனால் போன வாரம் ஏகாம்பரம் வந்துபோனதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை.

ஆமாம், அதே ஏகாம்பரம். உன்னைப் பார்த்தால் ரோட்டின் எதிர்ப் பக்கம் போய்விடுவானே, அவன்தான்.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். ஆம்பூர் டேனரியில் நீ மேஸ்திரி. தோல் கழுவிய தண்ணீர் போய் விழும், விஷவாயு தேங்கும் மூடிய தொட்டிக்குள் அவ்வப்போது ஆள் இறங்கிச் சேறு எடுக்க வேண்டும். ஒருவன் உள்ளே இருக்கும்வரை மேலே ஒருவன் நின்று அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். உள்ளேயிருந்து குரல் வராவிட்டால், கூப்பிட்டவன்தான் முதலில் இறங்க வேண்டும். யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. மீறினவனோடு அப்புறம் ஒருத்தரும் சேர்ந்து டீகூடக் குடிக்க மாட்டார்கள்.

எமர்ஜென்சி சமயம். அன்று மத்தியானம் இறங்கியவன் தனபால், ஏகாம்பரத்தின் தம்பி. மேலே நின்று கூப்பிட்டவன் நீ. குரல் நின்றுபோனது. நீ குனிந்து இன்னொரு தரம் கூப்பிடுவதற்குள், கூட வேலை செய்த அமீர் பாய் உன்னை ஒதுக்கிவிட்டு இறங்கிவிட்டார். அவர் குரலும் வரவில்லை. அப்போதுதான் ஏகாம்பரம் ஓடிவந்தான். நீ அவன் இடுப்பைப் பிடித்துக் கீழே சாய்த்து, அவன்மேல் படுத்துவிட்டாய். "உடு மேஸ்திரி, என் தம்பி உள்ள இருக்கறான்" என்று கத்தி, அவன் உன் கையைக் கடித்தான். கயிறும் கொக்கியும் வந்து வெளியே இழுத்தபோது இரண்டு பேருக்கும் உயிர் இல்லை.

வேலூரில் காலேஜ் பெண்களுக்கு நான் தத்துவம் நடத்துவதை நீ எவ்வளவு கிண்டல் செய்திருப்பாய். அந்த வருஷத்தோடு அந்தக் கிண்டல் நின்றது. சனிக்கிழமை ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், பையைக் கீழே வைக்கக்கூட விடமாட்டாய்.

"நல்லது கெட்டது பத்தி உங்க புக்குல இன்னா போட்டிருக்குது?"

முதலில் பலனைப் பார்க்கிறவர்களைப் பற்றிச் சொன்னேன். எதைச் செய்தால் கேடு குறையுமோ அதுவே சரி என்பார்கள், நீ ஒரு உயிரை மிச்சம் பிடித்தாய், அவர்கள் கணக்குப்படி உன்மேல் குற்றமே இல்லை என்றேன். உன் முகம் கொஞ்சம் தெளிந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது அதே பேச்சுக்குத் திரும்பினாய். பயத்தில் நின்றவனுக்கும் யோசித்து நின்றவனுக்கும் அவர்கள் ஒரே தீர்ப்பா சொல்லுவார்கள் என்று கேட்டாய். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். "அப்ப அது வாணாம்மா" என்று எழுந்துபோய்விட்டாய்.

அடுத்து, கடமையைப் பார்க்கிறவர்கள். எந்த நோக்கத்தில் செய்தாய் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அன்று உன் மனசுக்குள் என்ன இருந்தது என்று உனக்கே தெரியவில்லை என்றாய். கூப்பிட்டவன் இறங்க வேண்டும் என்ற கடமை இருந்தது, அதை மீறினாய். இன்னொருவன் சாகாமல் பார்க்கும் கடமையும் இருந்தது, அதைச் செய்தாய். இரண்டில் எது பெரிது என்று கேட்டாய். நான் எதையோ சொல்லி மழுப்பினேன்.

கடைசியாக, நல்ல மனிதன் அந்த இடத்தில் என்ன செய்வானோ அதுதான் சரி என்கிறவர்கள். இதைக் கேட்டு நீ சிரித்தாய், அண்ணா. அந்தச் சிரிப்பை மட்டும் நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"நல்ல மனுசன் அமீர் பாய். அவரு உள்ள போய்ட்டாரு. நான் மேல நின்னேன்."

ஒரு கொள்கையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று வகுப்பில் நான் சுலபமாகச் சொல்லிவிடுவேன். சந்தேகமே இல்லாத ஒரு சம்பவத்தின்மேல் அதை வைத்துப் பார், பொருந்தாவிட்டால் கொள்கையைத் திருத்து என்பேன். உன் சம்பவமே சந்தேகமாக இருந்ததே, அதை எதன்மேல் வைப்பது? ஏகாம்பரத்தின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்த நாளில் நீ பலன் கட்சி. அமீர் பாயின் மனைவி எதிரே வந்த நாளில் கடமைக் கட்சி. ஏதாவது ஒன்றில் நில் என்று நான் கோபப்பட்டால், நிற்க விட்டால் நிற்க மாட்டேனா என்பாய். உனக்காகத்தானே அத்தனை புத்தகம் புரட்டினேன், ஒன்றாவது உதவியதா?

அண்ணி குளிக்கப் போனாலும் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவாய். பதில் வரும்வரை நகரமாட்டாய். கடைசிக் காலத்தில், படுத்த படுக்கையாக இருந்தபோது, வீட்டில் இல்லாத பேரையெல்லாம் கூப்பிட்டாய். அதற்குப் பதில் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு இன்னும் அந்தக் குரல் கேட்கிறது, அண்ணா. கூட்டத்தில் யாராவது சத்தமாக ஒரு பேரைச் சொன்னால் பதில் வரும்வரை நானும் நின்றுவிடுகிறேன்.

இனி போன வாரத்துக் கதை. ஏகாம்பரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். அவனும் இப்போது மேஸ்திரி, வேறு ஒரு டேனரியில். உன் போட்டோ முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அண்ணி கொடுத்த காபியைத் தொடவில்லை. அவன் டேனரியில் ஒருவன் தொட்டிக்குள் இறங்கினானாம். ஏகாம்பரம்தான் கூப்பிட்டுக்கொண்டு நின்றானாம். குரல் நின்றதும் உள்ளே இருந்தவனின் மச்சான் ஓடிவந்திருக்கிறான். ஏகாம்பரம் குறுக்கே விழுந்து அவனைப் பிடித்துக்கொண்டான். உள்ளே இருந்தவன் பிழைக்கவில்லை.

"மேஸ்திரி செஞ்சது சரின்னு சொல்றதுக்கு வரல. நானும் அதையே செஞ்சுட்டேன். அத்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான்.

வாசல்வரை போனவன் திரும்பினான். அவன் கண்ணைப் பார்த்தேன், அண்ணா. அது உன் கண்.

"அக்கா, மேஸ்திரிக்கு அந்த நெனப்பு எப்ப உட்டுச்சு?"

பலன் கட்சி, கடமைக் கட்சி, நல்ல மனிதர் கட்சி, இத்தனையையும் பிள்ளைகளுக்கு நடத்துகிறவள் நான். பொய் சொல்லலாமா கூடாதா என்பதற்கு மட்டும் ஒரு மாதம் பாடம் எடுப்பேன். அப்போது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "ரெண்டு வருஷத்துல சரியாயிடுச்சுப்பா, அப்புறம் நல்லாத் தூங்கினாரு" என்றேன். அண்ணி தலை குனிந்துகொண்டார். அவன் விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டே போனான்.

நான் செய்தது சரியா? எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது. ரெண்டு வருஷம் கழித்து அவன் மறுபடி வந்து நின்றால், அப்போதும் மாற்றிச் சொல்ல மாட்டேன். இது உன்மேல் சத்தியம். உனக்கும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். என்றைக்காவது அவன் அங்கே வந்து உன்னைக் கேட்டால், நீயும் ரெண்டு வருஷம் என்றே சொல்லிவிடு.

உன் கூடப் பிறந்தவள்,
தேவகி