வெயிலில் காட்டிய தொண்ணூற்றெட்டு

செவ்வாய், இரவு

இன்று மத்தியானம் கொழும்பு காலி வீதியில் பஸ்ஸுக்குள் குண்டு வெடித்தது. லண்டன் மச்சான் அனுப்பிய, விரலில் கவ்வும் ஒட்சிசன் மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூன்று மாதமாக வெள்ளவத்தையில் நான் பிடித்துப் பார்க்காத விரல் இல்லை. அரை டொக்டர் என்ற நினைப்பு.

தாரில் ஒரு கை தனியாகக் கிடந்தது. பஸ் கொண்டக்டருக்கு நெஞ்சு கிழிந்திருந்தது. கொளுத்தும் வெயிலில் அவர் விரலில் மீட்டரை மாட்டினேன். தொண்ணூற்றெட்டு! சுகமான ஆளுக்குக் காட்டும் அளவு.

எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளியிருக்கும் டொக்டர் ஒரேயொரு ஒட்சிசன் சிலிண்டரோடு வந்தார்.

"இவருக்குப் பிரச்சினையில்லை டொக்டர். அங்கால கிடக்கிற மனுசியைப் பாருங்கோ," என்றேன். அவரும் சிலிண்டரோடு அந்த மனுசியிடம் போய்விட்டார்.

கொண்டக்டர் என் சட்டையைப் பிடித்து, மூச்சு வரவில்லை என்று சிங்களத்தில் முனகினார். மீட்டரைக் காட்டி, "ஹொந்தாய் மல்லி, ஹொந்தாய்," நல்லாயிருக்கு தம்பி என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். பிடியை விட்டார். நம்பிவிட்டார் என்று சிரித்தேன்.

டொக்டர் திரும்பி வந்து கத்தினார்: "வெயிலுக்கை வைச்சா அந்தச் சாமான் கண்டபடி காட்டும், ஐசே! உதட்டைப் பார்த்தனீரா?"

உதடு நீலமாயிருந்தது. டொக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே வைத்தார்.

அந்த மனிதர் கடைசியாகப் பார்த்தது என் சிரிப்பைத்தான்.