ஏழாவது டிராக்கில் வந்த படகு

உன் ஹெட்ஃபோனில் தைல வாசனை இன்னும் போகவில்லை. காதின் மேல் உட்காரும் பஞ்சு வளையத்தில், இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. தலைவலி இருக்கிறதோ இல்லையோ, நெற்றியில் தைலம் தடவிக்கொண்டுதான் நீ ஓர் ஆல்பத்தைக் கேட்க உட்காருவாய். இன்று காலை இதை மாட்டிக்கொண்டதும், நீ பக்கத்து இருக்கையில் இருப்பது போல் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். என் வீட்டு ஃபிரிட்ஜ்தான் இருந்தது.

இது என் கைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. உன் வீட்டுக்காரர் சாமுவேல் அண்ணன் பம்மல் வரைக்கும் வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஹெட்ஃபோன், மெமரி கார்டுகள் போட்டு வைத்த சின்ன டப்பா, நீ எழுதும் நீள நோட்டு. "அவ சாமான்ல இது உங்களுக்குத்தாம்மா பிரயோஜனப்படும்" என்றார். எனக்கு உடனே சந்தேகம். வீட்டில் பிள்ளைகள் இருக்க, இதை ஏன் எனக்குத் தருகிறார்? நோட்டில் என்னைப் பற்றி ஏதோ இருக்கிறது, படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார், வெயிலைத் திட்டினார், போய்விட்டார். நான் நோட்டைத் திறக்காமல் பீரோவின் மேல் போட்டு வைத்தேன்.

என் புத்தி உனக்குத் தெரியாததா? ஷூவின் மேல்தோல் தைக்கும் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாக இருக்கிற துண்டை யாரும் என்னிடம் காட்டிப் பாராட்டச் சொல்வதில்லை. எங்கே தையல் தப்பியிருக்கிறது, எங்கே தோலில் கீறலை மெழுகு போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் சம்பளம். வேலை முடிந்து கையைக் கழுவினால் வாசனை போகும், பார்வை போகாது. "நீ மனுஷங்களையும் லைட்ல பிடிச்சுப் பாக்கற, விமலா" என்று ஒருமுறை சொன்னாய். அன்றைக்குக் கோபப்பட்டேன்.

பாட்டில்லாத இசைக்கு நான்கு பேர் கூடுவார்கள் என்று சொன்னால் இப்போதும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சேலையூரில் ராகவன் சார் வீட்டு மாடி முன்னறையில், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, நீயும் நானும் அவரும் செல்ஃபோன் ரிப்பேர் கடை பாபுவும். படத்தின் பின்னணி இசை ஆல்பமாக வந்தால் மட்டும்தான் நமக்கு வேலை. பாட்டு உள்ள ஆல்பத்தைப் பாபு கொண்டுவந்தால், "இது கல்யாண மண்டபத்துக்குப்பா" என்று நீ திருப்பிக் கொடுத்துவிடுவாய்.

நம் வழக்கங்களை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இணையத்தில் கேட்டால் நடுவில் விளம்பரம் வரும், வரிசை கலைந்துவிடும் என்று ராகவன் சாருக்கு ஆகாது. அதனால் முறை வைத்து ஒவ்வொருவராக ஓர் ஆல்பத்தை வாங்கி நான்கு கார்டில் ஏற்றித் தர வேண்டும். மூன்று முறை முழுதாகக் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது. கருத்தை வீட்டிலேயே நோட்டில் எழுதி வந்து வாசிக்க வேண்டும், அடுத்தவர் சொன்னதைக் கேட்டு மாற்றக் கூடாது. கார்டில் டிராக் விட்டுப்போனாலோ மாறிப்போனாலோ முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை அந்த வருடம் முழுக்க முறை கிடையாது. அந்த எச்சரிக்கையை வாங்கியிருந்த ஒரே ஆள் நான். இரண்டு டிராக்கை விட்டுவிட்டு ஏற்றிக் கொடுத்ததற்கு, பாபு மாதக்கணக்கில் ஓட்டினான். எனக்கு அந்த முறை எவ்வளவு முக்கியம் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டிலும் கம்பெனியிலும் அடுத்தவர் கொடுப்பதைத்தான் வாங்கிக்கொள்கிறேன், நான் தேர்ந்தெடுத்து நாலு பேர் உட்கார்ந்து கேட்பது இது ஒன்றுதான் என்று தாம்பரம் பிளாட்பாரத்தில் உன்னிடம் ஒருநாள் உளறியிருந்தேன்.

உன் மேல் எப்போது சந்தேகம் விழுந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். நாங்கள் மூவரும் இரண்டு பக்கம் எழுதி வருவோம். நீ நாலு வரி. அதுவும் பட்டென்று இருக்கும். "இவருக்கு அமைதின்னா பயம். யாராவது கதவைத் திறந்தாக்கூட வயலினை அனுப்பி வெக்கறார்." இதை நீ வாசித்தபோது ராகவன் சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று முறை கேட்டவள் நாலு வரியா எழுதுவாள்? எங்கேயோ யாரோ எழுதியதை எடுத்து வருகிறாள் என்று தோன்றியது. வீட்டுக்குப் போய் உன் வரிகளை இணையத்தில் தட்டித் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது சந்தேகத்தை வளர்த்ததே தவிர குறைக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் உன்னைப் பார்த்தேன். பொத்தேரி கல்லூரி நூலக வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாய். காதில் இதே ஹெட்ஃபோன். அதன் ஒயர் உன் ஃபோனில் இல்லை, பைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டும் நீ திரும்பவில்லை. ஆக, கேட்பது போல் நடிக்கிறாய். கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அடுத்தது என் முறை. மலையூரில் காணாமல் போன ஆளைப் போலீஸ்காரர் தேடும் படம், பதினோரு டிராக். மூன்று கார்டில் ஒழுங்காக ஏற்றினேன். உன் கார்டில் மட்டும் ஏழாவதை எடுத்துவிட்டு, முந்தின வருடம் நாம் கேட்ட மீனவர் படத்திலிருந்து படகு கரை ஏறும் இசையை அங்கே வைத்தேன். உனக்கு உயிரான துண்டு அது. உண்மையிலேயே கேட்டால் முதல் நொடியிலேயே துள்ளிக் குதிப்பாய். கேட்காவிட்டால் மாட்டுவாய். அந்த வாரம் முழுக்க நான் என்னவோ பெரிய நியாயம் செய்யப் போகிறவள் மாதிரி நடமாடினேன்.

ஞாயிறு வந்தது. பாபு முதலில் வாசித்தான். ஏழாவது டிராக்கில் துரத்தும் காட்சிக்கு வெறும் பறை மட்டும் வைத்ததைப் புகழ்ந்து தள்ளினான். ராகவன் சாரும் அதையே சொன்னார். உன் முறை வந்ததும் ஆறு வரை சொன்னாய், எட்டுக்குத் தாவினாய்.

"ஏழைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?" என்றேன்.

"கேட்டேன்டி. அதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"இப்பவே சொல்லேன், என்ன இருந்துது அதுல?"

நீ என்னைப் பார்த்தாய். "அப்புறம் பேசலாம், விமலா" என்றாய், இன்னும் மெதுவாக.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். உன் கார்டுல ஏழாவது நம்ம படகு. நான்தான் மாத்தி வெச்சேன். நீ எதையும் கேக்கறதில்லன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்."

நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். "வேணும்னேவா மாத்தினே?" என்றுதான் கேட்டாய். ஆமாம் என்றேன். "வேணும்னேவா?" என்று மறுபடியும் கேட்டாய். மாட்டிக்கொண்டவர்கள் இப்படித்தான் நேரம் கடத்துவார்கள் என்று நினைத்தேன். நீ உன் நோட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாய்.

"இன்னாக்கா இது, கேம்ப் ரோட்டாண்ட செக்போஸ்ட் மாரி புட்ச்சுகினு கீறீங்க? பேஜாரா கீது" என்றான் பாபு. ராகவன் சார் என்னைப் பார்க்காமல் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓஹோ, இவரும் இவளுக்குக் கூட்டு என்று அதையும் ஒரு கணக்கில் வைத்துக்கொண்டேன்.

நீ வராமல் இருந்துவிடுவாய் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறே வந்தாய். ஆனால் அதற்குப் பிறகு உன் நாலு வரி காணாமல் போனது. "மூணாவது டிராக்ல ரெண்டு நிமிஷம் பதினாலு செகண்டுல புல்லாங்குழல் வருது. ஒன்பதாவது முடியறப்ப மூணு செகண்டு சத்தமில்ல." இப்படிப் பக்கம் பக்கமாக வாசித்தாய். யாரும் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய் உன் நொடிகளைச் சரிபார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தன. பார்த்தாயா, ஒரு தட்டுத் தட்டினால் ஒழுங்காகக் கேட்கிறாள் என்று மனதுக்குள் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். நீ எனக்கு அட்டெண்டன்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தாய் என்று அப்போது உறைக்கவில்லை. ஐந்து மாதம் அப்படி வந்தாய். மழைக்காலத்தில் ஒரு காலை வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். சாமுவேல் அண்ணன் ஆட்டோ பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

போன வியாழக்கிழமை பீரோவைத் துடைக்கும்போது நோட்டு கீழே விழுந்தது. அதற்கு மேல் என்னால் திறக்காமல் இருக்க முடியவில்லை. நேராக அந்த வாரத்தைத் தேடினேன். ஒவ்வொரு டிராக்குக்கும் எண் போட்டு இரண்டு இரண்டு வரி எழுதியிருந்தாய். நீ வாசித்த நாலு வரி, இத்தனையும் எழுதிய பிறகு கடைசியில் சுருக்கியது என்று அப்போதுதான் தெரிந்தது. ஏழுக்கு நேரே இப்படி இருந்தது:

"7. இது நம்ம படகு. விமலா மாத்தி ஏத்திட்டா. ஞாயித்துக்கிழமை வாயைத் திறக்கக் கூடாது, அவ முறை போயிடும். கீழ இறங்கறப்ப தனியா சொல்லணும். மூணு தடவையும் நல்லா இருந்துது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அழவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு டியூப்லைட்டுக்குக் கீழே போனேன். பின்னால் எழுதிச் சேர்த்திருப்பாயோ என்று மையின் நிறத்தைப் பார்த்தேன். ஆறும் எட்டும் அதே பேனா. இடையில் புகுத்திய மாதிரி இல்லை, வரி இடைவெளி சரியாக இருந்தது. ஒரு குறையும் இல்லாத துண்டு. அதை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது.

சாமுவேல் அண்ணனுக்கு ஃபோன் செய்து, ஒயரைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், என்னால் முடியவில்லை. "அதுவா? ஆல்பம் முடிஞ்சாலும் உடனே கழட்ட மாட்டாம்மா. இன்னும் கொஞ்ச நேரம் உள்ள ஓடும், யாரும் பேச்சுக் கொடுக்காதீங்கன்னு சொல்லுவா. ஒயரைப் பிடுங்கிட்டு அப்படியே சமைப்பா" என்றார். அன்று படிக்கட்டில் நான் கூப்பிட்டது உன் காதில் விழுந்ததா இல்லையா என்று இனி தெரிந்துகொள்ள வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு சேலையூருக்குப் போனேன். அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். பாபு தலையைக் குனிந்துகொண்டான். ராகவன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னிக்கு நான் அவ பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்மா. அந்த வரியை அப்பவே படிச்சிட்டேன்" என்றார். "நீ பேசிட்டு இருக்கும்போது நோட்டை உன் பக்கம் திருப்பிடலாம்னு கையை நீட்டினேன். அவ உள்ளங்கையை வெச்சு மூடிட்டா."

"ஏன் சார் மூடணும்? காட்டியிருந்தா நான் வாயை மூடியிருப்பேனே?"

"காட்டியிருந்தா நீ அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கிறது. கார்டு என் தவறு என்று நினைத்தபோது என் முறையைக் காப்பாற்றப் பார்த்தாய். வேண்டுமென்றே செய்தேன் என்று தெரிந்த பிறகும் என் இடத்தைக் காப்பாற்றினாய். அதற்காக உன் நாலு வரியை விட்டுக்கொடுத்தாய்.

விதிப்படி கார்டை மாற்றியது இரண்டாவது குற்றம், அன்று யாரும் விதியை எடுக்கவில்லை என்றாலும் இந்த வருடம் எனக்கு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "வுடுக்கா, அதான் பழசாச்சே" என்றான் பாபு. நான் விடவில்லை. என் முறை வரும் வாரங்களில், உன் நோட்டிலிருந்து ஒரு பழைய நாலு வரியை நான் வாசிப்பது என்று முடிவாகியிருக்கிறது. முதலாவதாக, அன்றே, கதவு திறந்தால் வயலினை அனுப்புகிறவரை வாசித்தேன். இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

சந்தேகப் புத்தி போய்விட்டது என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். போகவில்லை. நேற்றுகூடக் கம்பெனியில் ஒரு பெண் பேசாமல் நின்றபோது, என்னத்தை மறைக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. யாருக்காக மறைக்கிறாள் என்ற கேள்வி இரண்டாவதாக வந்தது. அது உன்னிடமிருந்து வந்தது, தாமதமாக வந்தது.

உன் டப்பாவில் அந்தக் கார்டும் இருந்தது. ஏழாவதை நீ அழித்துவிடவில்லை. இன்று காலை உன் ஹெட்ஃபோனில் அதைப் போட்டு, ஆல்பம் முழுவதையும் நம் வழக்கப்படி முதலிலிருந்து கேட்டு முடித்தேன். பறை வர வேண்டிய இடத்தில் படகு வருகிறது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் காதிலிருந்து கழற்றாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஏழாவதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று சொன்னாய். வியாழனிலிருந்து இதோடு மூன்று முறை முழுதாகக் கேட்டுவிட்டேன், இனி நான் வாய் திறக்கலாம். நீ கேட்டிருந்தாய்.