நான் இஸ்திரி போட்ட கோப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

மறுபடியும் அதே பாடம், அதே அறை, அதே ஆடுகிற நாற்காலி.

போன பருவத்தில் குழுவாகச் சேர்ந்து எழுத வேண்டிய கணினி நிரலை நான் ஒருத்தியே எழுதி முடித்தேன். ஓடியது. அப்படி ஓடியது! ஆனால் மேடம் மற்ற மூவரையும் கூப்பிட்டு, "இந்த வரி என்ன செய்யுது?" என்று கேட்டபோது மூவரும் ஒற்றுமையாகச் சுவரைப் பார்த்தார்கள். நான்கு பேருக்கும் தோல்வி. ஓடுகிற நிரலுக்குத் தோல்வி! இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

அந்த மூவரும் வேறு பாடத்துக்கு மாறிவிட்டார்கள். எனக்கு அந்த வழி இல்லை. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் ஒரு வருடம் போச்சு. கூடச் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போக, நான் இந்த நாற்காலியில் ஆடிக்கொண்டிருப்பேன்.

பிப்ரவரி 5, வியாழன்

குழு போட்டுவிட்டார்கள். கடவுளுக்கு என் மேல் என்ன கோபமோ.

முதலில் ஒரு பெண். அவள் மெதுவாகப் பேசினாலே அடுத்த வகுப்பில் பாடம் நின்றுவிடும். ஒலிபெருக்கி என்று மனதுக்குள் பெயர் வைத்தேன். கேட்டால் எல்லாருமே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். அடுத்தவர், எல்லாருக்கும் மாமா. பல வருடம் லாரி ஓட்டிவிட்டுப் படிக்க வந்தவர், வீட்டில் கைக்குழந்தை. உட்கார்ந்த இடத்தில் தூங்குவார், அது அவர் குற்றமில்லை. மூன்றாவது ஒருவன். எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்பான். "என் பேனாவைக் காணோம்" என்றேன். "அப்புறம்?" என்றான். அப்புறம் என்ன, கடன் கேட்கலாம் என்று பார்த்தேன், கேட்கவில்லை.

கடைசி நாள் தேர்வு இப்படி: சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒருவர் எழுதிய பகுதியை இன்னொருவர் விளக்க வேண்டும். ஒருவர் உளறினால் நான்கு பேரும் அம்போ. மேடம் இதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

பிப்ரவரி 11, புதன்

என்ன செய்வது என்று முடிவாகிவிட்டது. விடுதியில் ஆண், பெண் எல்லாருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறைக்கு ஒரு நிரல்.

"மெஷின் எப்பவுமே காலியா இருக்காது! வாளியத் தூக்கிட்டு நாலு தடவ ஏறி இறங்கணும்!" என்று ஒலிபெருக்கி சொன்னாள். கட்டடம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

எனக்கு உடனே பளிச்சென்று வந்துவிட்டது. யாருக்கு எந்த இயந்திரம், எப்போது – முறை ஒதுக்கும் கணக்கு. அவசரக்காரருக்கு முன்னுரிமை, போன வாரம் முறை தவறவிட்டவருக்குச் சலுகை. பலகையில் படம் போட்டு விளக்கினேன். மாமா நடுவில் கண்ணயர்ந்துவிட்டார். அவன் "அப்புறம்?" என்றான்.

நான் விடுதியில் இல்லை, அக்காவோடு இருக்கிறேன். அந்த அறையைப் பார்த்ததே இல்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? கணக்கு கணக்குதானே.

பிப்ரவரி 19, வியாழன்

வேலையைப் பிரித்துக்கொண்டோம். மாமா எழுதிய பகுதியைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஒரே வேலையை மூன்று இடத்தில் செய்திருக்கிறார், மனுஷன். நாகரிகமாக ஒன்றும் சொல்லாமல் திருத்தி வைத்தேன். அப்படியே ஒலிபெருக்கியின் பகுதியையும் லேசாக. லேசாக என்றால், முழுசாக.

இன்று அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் எழுதினதுல நான் எழுதினது எங்க?"

"தப்பு ஒண்ணுமில்ல, கொஞ்சம் நீட்டா..."

"இது என்ன புரோகிராமா, சட்டையா? எப்பப் பாரு இஸ்திரிப் பெட்டிய எடுத்துட்டு வந்துடறே!"

மாமா கோபமே படவில்லை. "விடும்மா. ஆனா சீட்டுல என் பகுதி உனக்கு வந்தா நீ சொல்லிடுவ. உன்னோடது எனக்கு வந்தா நான் என்னம்மா சொல்றது?" என்றார்.

அன்றிலிருந்து, அதாவது இன்று மதியத்திலிருந்து, என் பெயர் இஸ்திரி.

பிப்ரவரி 20, வெள்ளி

மனசே சரியில்லை. அக்காவின் கீழ் இழுப்பறையைத் திறந்து எல்லாத் துணியையும் மறுபடி மடித்து அடுக்கினேன். எப்படித்தான் ஒவ்வொரு தடவையும் இப்படிக் கசக்கித் திணிக்கிறாளோ. பல் மருத்துவமனையில் உதவியாளர், ஊரார் பல்லையெல்லாம் வரிசையாக வைக்க உதவுகிறாள், சொந்தச் சட்டை மட்டும் இந்த லட்சணம். மடித்து முடித்ததும் லேசாக இருந்தது.

பிப்ரவரி 24, செவ்வாய்

நம்பவே முடியவில்லை! ஒலிபெருக்கியே வந்து சமாதானம் பேசினாள்.

"முறை ஒதுக்கற கணக்குக்குத் தனி கோப்பு போட்டிருக்கோம். அது முழுக்க உன்னோடது. எங்க விரல்கூட அதுல படாது. எங்க பகுதிய மட்டும் நீ தொடாத. சரியா?"

நிரலின் இதயமே என் கையில்! அருமை தெரிய இவர்களுக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. பரவாயில்லை, மன்னித்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

இன்று சோதனைக்கு ஓட்டிப் பார்த்தோம். பத்துப் பேருக்கு முறை ஒதுக்கியது, ஒரு சண்டையில்லாமல். என் கணக்கின் அழகை நானே ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சூப்பர் இல்ல?" என்றேன். மூவரும் தலையாட்டினார்கள். மாமா ஏனோ இருமினார்.

அவன் – அதான், "அப்புறம்?" என்கிறவன் – வேலையே செய்வதில்லை. சாயங்காலமானால் துணி துவைக்கும் அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறானாம். கையில் ஒரு துணிகூட இல்லாமல்! சீட்டில் இவன் பெயர் எனக்கு வந்தால் விளக்க ஒன்றுமே இருக்காது. அது ஒரு நிம்மதி.

மார்ச் 12, வியாழன்

பேனாவை அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான்.

இன்று என் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். ஒரு வரியைப் பாதியில் விட்டுவிட்டுப் பேசப் போனேன். திரும்பி வந்து மறந்துபோய் அப்படியே ஓட்டினேன். அந்தப் பாதி வரியோடு அது ஓடவே கூடாது. கையைக் காலை உதைத்துக்கொண்டு விழுந்திருக்க வேண்டும்.

ஓடியது. ஜம்மென்று ஓடியது. பத்துப் பேருக்கு முறை ஒதுக்கியது.

கோப்பையே அழித்துப் பார்த்தேன். அப்போதும் ஓடியது.

நிரலில் எந்த இடமும் என் கோப்பைக் கூப்பிடவே இல்லை. இத்தனை நாளும் நான் மெருகேற்றியது எதனோடும் இணைக்காத ஒரு கோப்பு. முறையை ஒதுக்கிக்கொண்டிருந்தது, அந்த "அப்புறம்?"காரன் வேறொரு மூலையில் எழுதி வைத்த பத்தே பத்து வரி. நான் ரசித்தது அதைத்தான்!

போய்க் கேட்டேன். ஒலிபெருக்கிக்கு முதன்முறையாகக் குரல் எழும்பவில்லை. "உனக்கு இஸ்திரி போட ஏதாவது வேணும்ல... அதான்..." என்றாள். மாமா, "குழந்தை கையில ரிமோட் குடுப்பேன்மா, பேட்டரிய எடுத்துட்டு" என்று விளக்கம் வேறு சொன்னார்.

என்னைப் போய்... பேட்டரி இல்லாத ரிமோட்டா? எனக்கா? போங்கடா. நீங்களே எழுதிக்கோங்க, நீங்களே விளக்கிக்கோங்க. எனக்கென்ன வந்தது. ஒரு வருஷம்தானே, போகட்டும்.

(போகட்டும் என்று எழுதிவிட்டேன். போகக் கூடாது. ஐயோ, போகக் கூடாதே.)

மார்ச் 13, வெள்ளி

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

"என்னடி சிரிப்பு?"

"கோவிச்சுக்காத. அந்தக் கீழ் இழுப்பறை இருக்கே..."

"இருக்கு. அதுக்கென்ன?"

"அதுல இருக்கறது நான் போடற துணியே இல்லடி. எல்லாம் பழசு. நீ வந்து சேர்ந்த புதுசுல என் சட்டைய எல்லாம் மடிச்சு மடிச்சு எங்க வச்சேன்னே தெரியாம பண்ணிட்ட. அப்புறந்தான் உனக்குன்னு அதை ஒதுக்கினேன். வாரத்துக்கு ஒரு தடவ நானே போய்க் கலைச்சு வைப்பேன்."

இரண்டு வருடமாக!

கோபத்தில் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன். ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள், பேசி வைத்த மாதிரி எனக்கு ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் வியாதி யாரிடம்?

மார்ச் 14, சனி

விடுதிக்குப் போனேன். துணி துவைக்கும் அறை எவ்வளவு சின்னது! ஆறு இயந்திரம், ஒரு பெஞ்சு, ஈரத் துணி வாசம். பெஞ்சில் அவன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என் கணக்குல என்ன தப்பு?" என்று கேட்டேன். சண்டைக்குத்தான் கேட்டேன்.

"சொல்லு. முறை ஒதுக்கியாச்சு. அப்புறம்?"

"வந்து துணி போடுவாங்க."

"அப்புறம்?"

"மெஷின் ஓடி முடியும்."

"அப்புறம்?"

"வந்து எடுப்..." என்று ஆரம்பித்துவிட்டு எதிரே பார்த்தேன். ஆறு இயந்திரமும் நின்றுபோயிருந்தன. ஆறிலும் துணி. ஓடி முடிந்து எவ்வளவு நேரமோ. அந்நேரம் ஒரு பெண் வாளியோடு வந்தாள், எட்டிப் பார்த்தாள், முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனாள்.

முறை பிரச்சினையே இல்லை. முடிந்தது தெரியாமல் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். என் அருமையான கணக்கு, இல்லாத ஒரு சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தது. அது இணைக்கப்பட்டிருந்தால்கூட ஒருவரும் ஒரு சட்டையையும் துவைத்திருக்க முடியாது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவ ஆரம்பிச்சேன். நீ பலகைல படம் போட்டுட்டிருந்த."

வெட்கமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த "அப்புறம்?" எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

மார்ச் 16, திங்கள்

மூவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஒலிபெருக்கி கட்டிப்பிடித்துக்கொண்டாள். காது இன்னும் கொய்ங் என்கிறது.

மார்ச் 25, புதன்

புதிதாகத் தொடங்கிவிட்டோம். இயந்திரம் நின்றதும் துணிக்காரருக்குச் செய்தி போகும். வரவில்லையென்றால், அடுத்து வருகிறவர் அந்தத் துணியைக் கூடையில் எடுத்து வைக்கலாம். இவ்வளவுதான் நிரல்.

இன்று மாமா தட்டச்சு செய்தார், நான் பக்கத்தில். ஒரு விரலால் தேடித் தேடி அடிக்கிறார். நான்காவது வரியில் தப்பு. எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. என் கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மரத்தே போயிற்று. "மாமா, இது பூஜ்யமா வந்தா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டேன். யோசித்தார். "அட!" என்று அவரே திருத்தினார். அந்த "அட!"வில் இருந்த சந்தோஷத்தை நான் இதுவரை எத்தனை பேரிடமிருந்து திருடியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

அடுத்த வாரம் தேர்வு. மாமாவின் பகுதியை மூன்றாவது தடவை படித்தாயிற்று.

ஏப்ரல் 10, வெள்ளி

சீட்டு குலுக்கினார்கள். என்னுடைய பகுதி மாமாவுக்கு. தூங்காமல், திணறாமல், லாரியில் சரக்கு ஏற்றுகிற உதாரணம் சொல்லி மேடத்தையே சிரிக்க வைத்தார். எனக்கு வந்தது அவனுடையது. செய்தி அனுப்புகிற பகுதி.

நன்றாகத்தான் போனது. பிறகு மேடம், "எட்டு நிமிஷம் காத்திருக்கணும்னு எழுதியிருக்கு. ஏன் எட்டு?" என்றார்.

தெரியவில்லை. எவ்வளவோ பார்த்தேன், அந்த எட்டைக் கேட்காமல் விட்டுவிட்டேன். பழைய நானாக இருந்தால் அந்த இடத்திலேயே நாலு காரணம் புனைந்திருப்பேன். ஒலிபெருக்கி மூச்சுவிடுவது கேட்டது.

"தெரியல மேடம். அவன் எதையும் சும்மா எழுத மாட்டான். அவன்கிட்ட கேக்கலாமா?"

மேடம் தலையசைத்தார். "கேளுங்க."

திரும்பி அவனிடம், "மெஷின் நின்னுடுச்சு. அப்புறம்?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "மேல் மாடிலேர்ந்து செருப்பத் தேடிப் போட்டுட்டு இறங்கி வரணும்ல. எட்டு நிமிஷம் ஆகும். பெஞ்சுல உக்காந்து பார்த்துதான் எழுதினேன்."

மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

தேறிவிட்டோம்! நான்கு பேரும்!

கடைசியில் மேடம் எழுதியிருந்த குறிப்பை ஒலிபெருக்கி விடுதிக்கே கேட்கும்படி படித்தாள்: "யாரும் கூப்பிடாத ஒரு கோப்பு இதில் இருக்கிறது. மிக நேர்த்தி. எதற்கென்றுதான் தெரியவில்லை." நான் அழித்த அந்தக் கோப்பை மாமா மீட்டெடுத்து, நினைவாக உள்ளே வைத்துவிட்டாராம். அடுத்த பருவத்தில் குழுவை நாங்களே தேர்ந்தெடுக்கலாம். நான்கு பெயரையும் அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். என் பெயர் இருக்கும் இடத்தில் இஸ்திரி.

சாயங்காலம் அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா? இழுப்பறையக் கலைச்சு ஒரு மாசம் ஆச்சு, அப்படியே கிடக்கு."

"நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

கட்டிலில் அவள் நாளைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டை சுருண்டு கிடந்தது. பார்த்தேன். வேறு பக்கம் திரும்பினேன். மறுபடி பார்த்தேன்.

"அக்கா, அத மடிக்கட்டுமா?"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன். அவள் சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.