சுவரில் ஒட்ட ஒரு படம்

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் சௌக்கியம்தானே? உங்கள் இருமல் விட்டதா?

போன வாரம் இங்கே வேலை செய்யும் சலவைக்கூடத்தில் போர்வை எடுக்கக் குனிந்தபோது தலை கிறுகிறுத்து, துணிக்குவியல் மேலேயே விழுந்துவிட்டேன். அடிபடவில்லை, பயப்படாதீர்கள். கழுத்து எலும்புதான் காரணமோ என்று எலும்பு வைத்தியரிடம் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, “கழுத்துல கோளாறு இல்லம்மா, காதுக்குள்ளதான். பயிற்சி செஞ்சா சரியாகும்” என்று பயிற்சி சொல்லித்தரும் அம்மாவிடம் அனுப்பினார். சுவரில் ஒரு படத்தை ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இருபக்கமும் திருப்ப வேண்டுமாம். செய்யும்போது இன்னும் சுற்றுகிறது. மேற்பார்வையாளர் வேறு, “சீக்கிரம் தேறலேன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்க” என்கிறார். அந்த நினைப்பில் சோறு இறங்கவில்லை.

பாப்பாவின் படம் ஒன்று பெரிதாக அனுப்புங்கள். சிரிக்காத படமாக இருக்கட்டும். அவள் சிரித்தால் எனக்குக் கண் கலங்கிவிடும், பயிற்சி நடக்காது.

ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.

உங்கள்
பாப்பா அம்மா