சுமதி சேர்த்த பாட்டுகள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று அரூர் பேருந்து நிலையத்தில் சுமதியைப் பார்த்தேன். ஓசூருக்குக் கல்யாணமாகிப் போன பிறகு இதுதான் முதல் முறை. கல்லூரியில் நாங்கள் சேர்ந்து தொடங்கிய ப்ளேலிஸ்ட் இன்னும் இருவர் போனிலும் இருக்கிறது. ஒருத்தி ஒரு பாட்டைச் சேர்த்தால், மற்றவள் பதிலுக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

ஒரு வருடமாக அவளிடமிருந்து வந்ததெல்லாம் கன்னடக் குத்துப்பாட்டு. முன்பெல்லாம் அவளுக்கு மெல்லிய குரல்தான் பிடிக்கும். ஊர் மாறினால் ரசனையும் மாறும் என்று நினைத்து, அவள் ரசனையோடு நானும் சேர்ந்து போக வேண்டுமென்று அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பிடித்தும் போனது. அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

"நீயா? அந்த டமடமாவையா?" என்று சிரித்தாள். "அதெல்லாம் எங்கூட்டுக்காரரு போடறதுடி. வண்டி ஓட்டறப்ப என் போன எடுத்துக்குவாரு."

"அப்ப நீ என்னடி கேக்கற?"

"நான் எங்க கேக்கறது? காதுல மாட்டுனா, வூட்ல கூப்பிட்டது கேக்கலயான்னு மாமியாரு சத்தம் போடறாங்க." இடுப்பிலிருந்த தன் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "கேக்கணும்னும் தோணலடி இப்பல்லாம்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம்கூட இல்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

சற்று முன் ப்ளேலிஸ்ட்டைத் திறந்தேன். சுமதி பெயரில் புதிதாக ஒரு பாட்டு வந்திருக்கிறது. பதிலுக்கு நான் எதையும் சேர்க்காவிட்டால், ப்ளேலிஸ்ட் முழுக்க அவள் கணவருடையதாகிவிடும். சேர்த்தாலும் அவள் கேட்கப் போவதில்லை. ஒரு பாட்டைத் தேடி எடுத்து வைத்துவிட்டு, இன்னும் சேர்க்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.