பவளத்துக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

மாப்ள,

தொட்டியின் மூடியைத் தூக்கியதும் முகத்தில் வந்து மோதும் கடல் வாசனை இன்று காலை இல்லை. ஊறவைத்து மறந்துபோன பயறின் வாடை வந்தது. குனிந்து பார்த்தேன். உன் பவளத்தின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு சதை நைந்த துணி போலப் பிரிந்து நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன். பதற்றத்தில் வரிசை குழம்பிவிடும் என்பதால் சொல்லப்போவதற்கு முதலிலேயே எண் போட்டுக்கொள்கிறேன்.

1. பவளம் எப்படி இருந்தது, எப்படி ஆகிவிட்டது என்பது.
2. வெயிலும் மின்வெட்டும் காரணமா என்று பார்த்தது.
3. தண்ணீர் காரணமில்லை என்பது.
4. நீ ஆள் தெரியாமல் இதை என்னிடம் ஒப்படைத்துவிட்டாய் என்பது.

"பந்தியில உக்காந்தாலும் எலையில இருக்குற கூட்டுப் பொரியலுக்கு நம்பர் போடுவடா நீ" என்று சொல்லிச் சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நாம் இருவரும் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நாகமலை புதுக்கோட்டையில் உன் வீட்டு முன்னறைக்கு அந்தக் கண்ணாடித் தொட்டி வந்தது. கடலே இல்லாத ஊரில் உப்பைக் கரைத்துக் கடல் செய்கிறானே என்று தெருவே வேடிக்கை பார்த்தது. பவளத்தைப் பார்த்து, என்ன செடி இது என்று நான் கேட்டேன். "செடியா? உசுருடா. அம்புட்டு வாயும் பசியா நிக்குது பாரு" என்றாய். தோல் போன்ற தடித்த குடை. அதன் மேல் நூற்றுக்கணக்கான சிறு விரல்கள். கொட்டாம்பட்டியில் உங்கள் வயலில் நாற்று நிற்பதைப் போல நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். விவசாயத்தை விட்டு வேதியியல் படிக்கப் போனவன் நாற்றங்காலைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறான் என்று நான் கேலி செய்தேன். உனக்கு அது பிடித்திருந்தது.

ஒருமுறை அந்த விரல்கள் எல்லாம் உள்ளே போய், குடை மொழுக்கென்று மங்கிவிட்டது. செத்துப்போச்சு என்று நான் நடுங்கினேன். "தோல் உரிக்குது மாப்ள. நீ மொகத்தச் செரைக்கிற மாதிரிதான். தொடாமப் பாரு" என்றாய். மெழுகு போன்ற படலம் ஒன்று கழன்று போனதும் முன்னைவிடப் பளிச்சென்று விரிந்தது. இந்த முறை அது சுருங்கியபோதும் அதைத்தான் நினைத்தேன். தொடாமல் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். படலம் கழலவில்லை, சதை கழல்கிறது.

இரண்டாவதற்கு வருகிறேன். சித்திரை வெயில். என் வீட்டில் தொட்டி இருக்கும் அறையில் விசிறி ஓடுகிறது, தொட்டியின் மேலும் ஒரு சிறு விசிறி ஓடுகிறது. தண்ணீரின் சூடு நீ சொன்ன எல்லையைத் தாண்டவில்லை. மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் பம்ப் ஓடுகிறது. விளக்கு நீ வைத்த உயரத்திலேயே இருக்கிறது. கோமாளி மீன்கள் இரண்டும் தீனிக்கு ஓடி வருகின்றன. வெயில் மேல் பழி போட வழியில்லை.

மூன்றாவது, தண்ணீர். உப்பின் அளவு சரி. அமிலத்தன்மை சரி. உன் பெட்டியில் இருந்த சோதனைக் குப்பிகள் அனைத்திலும் நிறம் சரியாக வந்தது. வெயிலில் ஆவியாகிக் குறையும் அளவுக்குத் தினமும் காலையில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறேன். அதுவும் நான் குடிக்கும் அதே தண்ணீர். உன் தங்கச்சி, அதுதான் என் மனைவி, உடம்புக்கு நல்லது என்று கோடைக்காக வாங்கிய செப்புக்குடத்தில் ராத்திரி முழுக்க வைத்திருந்து, காலையில் எனக்கு ஒரு டம்ளர், பவளத்துக்கு நாலு டம்ளர் என்று மொண்டு ஊற்றுகிறேன். வீட்டில் இருப்பதிலேயே நல்ல தண்ணீர் அதுதான். "அண்ணனோட பவளத்துக்கு ஊத்துறீக சரி. எனக்கு ஒரு நா ஒரு வாய்த் தண்ணி மோந்து குடுத்திருக்கீகளா?" என்று அவள் குத்திக் காட்டினாள். ஆகவே தண்ணீர் காரணமில்லை.

மிஞ்சுவது நான்காவது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயை ஒரு கையால் விலக்கிவிட்டு, "வீட்ட மகன் வித்துக்குவான். பவளத்த நீ கொண்டு போயிரு" என்றாய். எனக்கு வராது என்றேன். "வரும்டா" என்றாய். அதற்குமேல் உன்னால் பேச முடியவில்லை. தெரு தாண்டும்போதுகூட உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தாண்டியவன் நான். உன் உயிரில் பூமியில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் என் கையில்

இங்கே நிறுத்திவிட்டு எழுந்து போனேன். உன் தங்கச்சி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். செப்புக்குடத்தைக் கவிழ்த்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க, உள்ள எம்புட்டு பச்சை பூத்திருக்கு! இதத்தான் குடிச்சுக்கிட்டு இருந்தீகளா?"

குடத்தின் உள்ளே கழுத்துக்குக் கீழே பச்சை வளையம். அதைப் பார்த்தபடி நின்றேன். ஒரு நாள் உன் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து, நான் கடையில் கேட்டு மருந்து வாங்கி வந்தேன். சீட்டைப் படித்ததும் நீ குப்பியைப் பிடுங்கிக்கொண்டாய். "செம்பு மருந்துடா இது! மீன் பொழைக்கும், பவளமும் நத்தையும் செத்துப்போகும்." கோமாளி மீன்கள் நன்றாக இருக்கின்றன. கண்ணாடியில் பாசி மேய நீ விட்டிருந்த நத்தைகள்? சில நாட்களாக அவற்றைக் கண்ணாடியில் பார்க்கவே இல்லை. மணலைத் தள்ளிப் பார்த்தேன். ஓடுகள்தான் கிடந்தன.

மருந்தில் இருந்தால் விஷம் என்று தெரியும். கோயிலில் தீர்த்தம் கொடுக்கும் பாத்திரத்தில் இருந்தால் அதுவும் அதே செம்புதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பஸ் பிடித்துச் சிம்மக்கல் போனேன். மீன் கடைக்காரர், "செம்பு டெஸ்டா? இங்க யாருண்ணே அதெல்லாம் கேக்குறா" என்று சொல்லிக்கொண்டே மேல் தட்டில் தேடி, தூசி தட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாருக்கும் முடியலையாண்ணே?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நிறம் மாறக்கூடாது. மாறியது. நல்ல நீலம்.

புது உப்புத் தண்ணீர் கரைத்து வாளியில் வைத்தேன். பழைய தண்ணீரை முடிந்தவரை இறைத்துவிட்டு, செம்பை உறிஞ்சட்டும் என்று கரிப் பையைத் தொங்கவிட்டேன். அது போதாது என்று தெரிந்தது. சதையின் நைவு குடையின் நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது. "அழுகினத விட்டுட்டு நல்லதா ஒரு துண்டு வெட்டி வச்சாப் போதும், முருங்கப் போத்து மாதிரி பொழச்சுக்கும்" என்று நீ சொல்லியிருக்கிறாய். அன்று கத்தியை நீட்டி என்னை வெட்டச் சொன்னாய். கை நடுங்கும் என்று பின்வாங்கினேன். "நடுங்கட்டும், நேரா நடுங்கு" என்றாய். கடைசியில் நீயே வெட்டினாய்.

இன்று நீட்ட யாரும் இல்லை. புது பிளேடை நானே பிரித்தேன். உன் தங்கச்சி டார்ச் பிடித்தாள். "அண்ணா, நீங்களே பாத்துக்கங்க" என்று அவள் முணுமுணுத்தது என்னிடம் இல்லை. கை நடுங்கியது. நடுக்கத்தோடேயே அழுத்தினேன். தண்டின் அருகே இறுக்கமாக இருந்த பகுதி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, தனியே வந்தது. வந்த கணத்தில் அந்த வாசனை அறை முழுக்க எழுந்தது. கடுமையான, பச்சையான கடல் வாசனை. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை.

துண்டை நூலால் ஒரு கல்லில் கட்டி, ஊறுகாய் ஜாடியில் புதுக் கடல் தண்ணீருக்குள் வைத்திருக்கிறேன். அது பிழைக்குமா என்று தெரியாது. இதுவரை ஒரு விரலும் வெளியே வரவில்லை. தொட்டியில் இருப்பது பிழைக்காது என்று தெரிகிறது. நாற்காலியை ஜாடிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறேன். தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான்காவதாக எழுதியது சரியா தவறா என்று இந்தத் துண்டுதான் சொல்ல வேண்டும். மூன்றாவதாக எழுதியதை மட்டும் அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், நீ பார்க்க வேண்டும் என்று. அது தவறு, மாப்ள. தண்ணீர்தான்.