மைக்கில் சொன்ன இருட்டு

பீளமேடு, கோவை
12.8.1996

அன்புள்ள தம்பி சென்னகேசவனுக்கு,

அமெரிக்காவில் நீயும் குழந்தைகளும் சுகம்தானே? இங்கே பிரீத்திகா சுகம். நான் கோபமாக இருக்கிறேன். அதனால்தான் அவளை எழுதச் சொல்லாமல், தடித்த ஸ்கெட்ச் பேனாவால் நானே எழுதுகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள்.

போன மாதம் அந்த ஓட்டல் மண்டபத்தில் நடந்த விளம்பரக் கூட்டத்தில், பார்வை குறைந்தவர்களுக்காக உன் கம்பெனி செய்த கேமராக் கண்ணாடியை என் தலையில் மாட்டினாய். எதிரே பிரீத்திகா நின்றாள். அவள் பிறந்த வருஷம்தான் என் பார்வையின் நடுவில் மறைப்பு விழுந்தது. அவள் முகம் எனக்கு எப்போதும் கலங்கிய வட்டம்தான். அன்றைக்குக் கறுப்பு வெள்ளையில் தெரிந்தாள். சிரிக்கும்போது மேலுதடு ஒரு பக்கம் ஏறுகிறது, அவள் அப்பாவுக்கு ஏறியதைப் போல. பார்த்துக்கொண்டே இருந்தேன். "போதுங்க்கா, அடுத்தவங்க பாக்கோணும்" என்று கழற்றிவிட்டாய்.

அது போகட்டும். மைக்கில் என்ன சொன்னாய்? "எங்கக்கா இத்தன வருசமா இருட்டுல இருந்தாங்க, மக கையப் புடிச்சுத்தான் நடந்தாங்க." எப்போதடா நடந்தேன்? எனக்கு நடுவில்தான் மறைப்பு, ஓரப்பார்வை இருக்கிறது. தனியாகப் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறேன். போர்டில் பெரிய எழுத்தில் கணக்குப் போடுகிறேன்.

எங்கள் தாளாளர் வெங்கடபதியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மறுவாரம் கூப்பிட்டு, "ஏனுங்க டீச்சர், கண்ணே தெரியாதுன்னு உங்க தம்பியே சொல்லிப்போட்டாரு. பத்தாவத இனி எப்படீங்க உங்ககிட்ட உடறது?" என்றார். என்னை லைப்ரரியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவருக்கு உண்மையை எழுது.

உன் அக்கா,
ரங்கநாயகி

நியூஜெர்ஸி
10.9.1996

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். கடிதம் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. ஆனால் நான் சொன்னதை நானே மறுத்து எழுதினால் கம்பெனியில் என்ன நினைப்பார்கள்? விற்பனைக்காகக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். 'ஓரளவு தெரியும்' என்றால் யார் நின்று கேட்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

பேசிப் பார்த்து உங்களுக்கே அந்தக் கண்ணாடி மெஷின் ஒன்று வாங்கிவிட்டேன். நண்பர் கண்ணையா கொண்டுவந்து தருவார். பெட்டியில் எங்கள் தமிழ் விளம்பரத் தாளும் இருக்கும். அதில் அன்றைக்கு ஓட்டலில் எடுத்த உங்கள் படம் நன்றாக விழுந்திருக்கிறது. டிசம்பரில் கம்பெனிக்காரர்களோடு வீட்டுக்கு வருகிறேன். இன்னும் சில படங்கள் எடுப்பார்கள். கோபம் வேண்டாம்.

என்றும் உங்கள் தம்பி,
சென்னகேசவன்

பீளமேடு
20.10.1996

சென்னகேசவனுக்கு,

மெஷின் வந்தது. தலையில் கல்லைக் கட்டியதுபோல் கனம், இடுப்பில் பாட்டரி. மாட்டிக்கொண்டு நடக்க முடியாது, உட்கார்ந்து பார்க்கலாம். பிரீத்திகா கூச்சப்பட்டு எழுந்து போகும் வரை அவளையே பார்த்தேன்.

பிறகு விளம்பரத் தாளை எடுத்தேன். "அது ஒண்ணுமில்லீங்கம்மா" என்று அவள் பறிக்கப் பார்த்தாள். கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்துச் சிறிய அச்சில் நானே படித்த முதல் வரி இது: 'கணவரை இழந்து, வேலைக்கும் வழியின்றி இருளில் வாடிய சகோதரி.' அவர் போனது மெய்தான்; வேலை இல்லை என்பது அச்சடித்தபோது பொய். இன்றைக்கு அதை மெய்யாக்கியவன் நீ.

தாளாளரிடம் அதைக் கொண்டுபோய், இதில் இருப்பது பொய் என்றேன். "உடுங்க டீச்சர். அந்த மெசின மாட்டீட்டு வாங்க, கிளாஸத் தாரனுங்க. பள்ளிக்கூடத்துக்கும் பேருங்க" என்றார். "பாடஞ் சொல்லிக் குடுக்கத்தானுங்க வந்தேன், காட்சிக்கு நிக்க இல்லீங்க" என்று ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தேன். என் பத்தாம் வகுப்புப் பெண்கள் இப்போது சாயங்காலம் வீட்டுக்கே வருகிறார்கள். முன்னறையில் போர்டு மாட்டியிருக்கிறேன்.

என் படத்தை எடுத்துவிடச் சொல்லி உன் கம்பெனிக்கு இங்கிலீஷில் எழுதிப் போட்டுவிட்டேன். மெஷினைத் திருப்பி அனுப்பமாட்டேன். உன்மேல் உள்ள கோபத்துக்காக என் மகள் முகத்தை ஏன் இழக்க வேண்டும்? நன்றியும் சொல்லமாட்டேன்.

டிசம்பரில் யாரையும் கூட்டிக்கொண்டு வராதே. தனியாகவும் வர வேண்டாம். மீசை முளைத்த பிறகு உன்னை நான் சரியாகப் பார்த்ததில்லை. பெட்டியைப் பிரித்தபோது, அடுத்து உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

இப்போது அந்த ஆசை இல்லை.

ரங்கநாயகி